கழுத்தில் ஒரு குழி

ஜெசிந்தா விற்பதற்காக வார்த்த அன்ன வடிவ மெழுகுவர்த்தியின் கழுத்தில் கடுகளவு குழி விழுந்திருந்தது. மெழுகு உருக்கும் எவர்சில்வர் சட்டியில் தன்னைப் பார்த்த அன்னம், "என்னை யாரும் வாங்கமாட்டார்கள். மறுபடி இதிலேயே போட்டு உருக்கிவிடுவாள்" என்று அழுதது.

பக்கத்தில் கிடந்த ஹேர் டிரையர், "லேசாகச் சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்று ஊதியது. குழி மூடியது. அலகு கொஞ்சம் வளைந்தது.

"ஐயோ, அலகைப் பாருங்கள் அண்ணே!"

டிரையர் மறுபடி ஊதியது. அலகு நேரானது. ஒரு கண் கலைந்தது.

"கண்ணையும் சரி பண்ணிவிடுங்களேன்."

"அதற்கென்ன, பண்ணிவிடலாம்." டிரையர் சலிக்காமல் ஊதியது.

கடைசியில் அன்னம் கேட்டது: "அண்ணே, எனக்குக் கண்ணே தெரியவில்லை. இன்னும் எங்கேயாவது குறை இருக்கிறதா?"

ஜெசிந்தா அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. டிரையர் அந்த வழுவழுப்பான உருண்டையைச் சுற்றிலும் பார்த்தது.

"ஒரு குறையும் இல்லை" என்றது.