பிணம் சிரித்த பக்கம்

"கேமராவைப் பார்த்துத்தான் சிரிச்சேன்..."

"பொய். அவளைப் பார்த்துச் சிரிச்சீங்க. சாப்பாடு கொண்டுவந்த நான், அங்கேயே நின்னு பார்த்தேன்."

"பூரணி, அவ சீரியல்ல இத்தனை வருஷம் எனக்குப் பெண்டாட்டியா நடிச்சவ. மார்ல விழுந்து நிஜமாவே அழுதுட்டா, பாவம். அதான்..."

பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துத் தோஷம் கழிப்பது படப்பிடிப்பு வழக்கம். எத்தனையோ படங்களில் அப்பாவாகவும் மாமனாராகவும் செத்துப் பிழைத்த சிங்காரவேலு அதில் ஒருநாளும் தவறியதில்லை. இன்று தவறினார். அப்படியொரு சிரிப்பை, கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து பூரணி வீட்டில் கண்டதே கிடையாது.

அவள் கூடத்தில் பாயை உதறி விரித்தாள்.

"படுங்க. இப்ப நான் அழறேன். எழுந்திரிச்சு எந்தப் பக்கம் பார்க்கறீங்கன்னு பார்த்துடலாம்."