பத்து பிட் வானம்

"இந்தக் கார்டைப் போட்டா நெசமாவே கலர் மாறுமா மேடம்?" என்று கேட்டார் அருள்குமார்.

பொம்மிடிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர் அவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். கூடவே அதே பஸ்ஸின் கண்டக்டர் பச்சியப்பனும், டியூட்டிக்குப் போகும் வழியில், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் ரேவதி வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டாவது விற்றுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி ராஜப்பன் சொல்லியிருந்தார்.

இந்த ஆளை விடக்கூடாது என்று ரேவதி முடிவு செய்துகொண்டாள்.

"கண்டிப்பா மாறும் சார். உங்ககிட்ட இருக்கறது எட்டு பிட். கறுப்புலேர்ந்து முழுச் சிவப்புக்குப் போக எரநூத்தி அம்பத்தாறு படி. இது பத்து பிட். ஆயிரத்து இருபத்துநாலு படி. சாயங்கால வானம் பட்டை பட்டையா தெரியாது, வழுவழுன்னு இருக்கும்."

"வானம் கெடக்குதுங்க. கேம் ஆடறப்ப இருட்டுல ஒரு ஓரம் மங்கிப் போவுது. எதிரி சுட்டப்புறந்தான் அவன் அங்க நின்னதே தெரியுது. ஸ்கிரீனைக்கூட மாத்திப் பாத்துட்டேன்."

"நெட்டுல எதிர்த்து ஆடற ஓசூர் பசங்க தெனம் அண்ணனைச் சாவடிக்கறாங்க மேடம்" என்றார் பச்சியப்பன். "மறுநாள் பஸ்ல பாட்டுப் போடக்கூட வுட மாட்டேங்கறாரு."

ரேவதி சிரித்துக்கொண்டே பில் புத்தகத்தை இழுத்தாள்.

"பில் போடாதம்மா" என்றபடி உள்ளேயிருந்து வந்தார் ராஜப்பன்.

"சார், அவரே கேக்கறாரு..."

"கேக்கட்டும். கல்யாண ஆல்பம் பண்றவங்களுக்கு இது வேணும். கேம் ஆடறப்ப ஓடுவாங்களா, சுடுவாங்களா, நின்னு வானத்தை அளப்பாங்களா? டிரைவர், இப்படி வந்து உக்காருங்க."

பத்து பிட் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஓடவிட்டார். திரையில் அந்தி நேரம். அருள்குமார் மவுஸைப் பிடித்தார்.

"வானம் அருமைங்க" என்றார். அடுத்த நொடியே சுடப்பட்டு விழுந்தார்.

"இவன் எங்கேர்ந்து வந்தான்?"

"இடப்பக்கம் மரத்தடியிலதான நின்னான்" என்றார் பச்சியப்பன். "பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி எவ்ளோ நேரமா நிக்கறான்."

"இதுலயும் அந்த ஓரம் மங்கலாத்தான் இருக்குதுங்க" என்றார் அருள்குமார். "இதைவிடப் பெரிய கார்டு இருக்குதா?"

"இருக்குது சார்" என்று ரேவதி எழுந்தாள்.

ராஜப்பன் அவளைக் கையமர்த்தினார். டிரைவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்கு எந்தக் கார்டும் ஒதவாதுங்க" என்றார்.



"பஸ் ஓட்டறவனுக்கு எதுக்கு இதெல்லாம்னு பாக்கறீங்களா?" என்றார் அருள்குமார் மெதுவாக.

ராஜப்பன் பேனாவைத் தேடி எடுத்தார். எஸ்டிமேட் புத்தகத்தை எடுத்தார். இடது கையால் மறைத்துக்கொண்டு நாலைந்து வரி எழுதினார். தாளைக் கிழித்து நான்காக மடித்து, டிரைவரின் சட்டைப் பையில் தாமே செருகினார்.

"எஸ்டிமேட்டு. வெளிய போயி, தனியா நின்னு பாருங்க."

"வெலையப் பாத்து வுழுந்தா புடிக்க ஆள் வேணாமா?" என்றார் பச்சியப்பன்.

"உனக்கு டியூட்டிக்கு நேரமாவலையாப்பா?" என்றார் ராஜப்பன்.

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு ஓடினார். அருள்குமார், வருகிறேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

ரேவதிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் நீங்க சும்மா இருந்திருந்தா வித்திருப்பேன் சார்."

"வித்திருப்ப" என்றார் ராஜப்பன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "கடையைப் பாத்துக்கோ. நான் வர நேரமாவும்."

சொந்தக் கடையிலேயே வியாபாரத்தைக் கெடுத்துவிட்டு, வந்த ஆளையும் அவமானப்படுத்திவிட்டு, இவருக்கு ஊர் சுற்ற வேறு நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். எப்படியும் தன் வேலை போனதுதான்.

அந்த மனிதர் மனம் நோகும்படி அப்படி என்ன விலைதான் எழுதினார்?

எஸ்டிமேட் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கார்பன் வைப்பது அந்தக் கடையின் வழக்கம். ரேவதி புத்தகத்தைத் திறந்தாள். நீல எழுத்தில் நகல் அப்படியே இருந்தது. விலை எதுவும் இல்லை.

"குறை கார்டுல இல்லீங்க, உங்க இடது கண்ணுல இருக்கும்போல. கண்டக்டர் காதுல வுழுந்தா பஸ் ஓனர் வரைக்கும் போயிடும்னுதான் வாயத் தொறக்கலை. டீக்கடைகிட்ட நில்லுங்க, கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அவர் பாத்துச் சொல்ற வரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க."