பத்தாவது மேடை

"ஒன்பது வரைக்கும் வாய் கிழியப் பேசுது. பத்துன்னா மட்டும் ஊமையாயிடுதே, ஏன்யா?" பேருந்து நிலைய மேலாளர், மெக்கானிக்கைப் பிடித்து உலுக்காத குறை.

அன்றுதான் பத்தாவது மேடையைத் திறந்திருந்தார்கள். அறிவிப்புக் கம்ப்யூட்டர், "பேருந்து நிற்கும் இடம்..." என்று ஆரம்பித்து அதோடு நின்றுவிட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட பயணிகள் வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் சரியா இருக்கு சார். குரலைப் பதிவு பண்ணினப்ப ஒன்பது மேடைதானே இருந்துச்சு? பத்தாவதையும் அதே குரல்ல பதியணும்."

"அப்ப பதிஞ்சு குடுத்தவங்களுக்குப் போனைப் போடு!"

மெக்கானிக் எண்ணை அழுத்தி போனை நீட்டினான்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது அறிவிப்பில் ஒலிக்கும் அதே தேன் குரல்.

மேலாளர் முகம் சுளித்தார். "இங்கேயும் மெஷின்தான்யா பேசுது. எந்த நம்பரை அமுக்கணும்?"

"எதையும் அமுக்க வேணாம் சார். குரலைப் பதிவு பண்ணி வாங்கிட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பினீங்களே, அந்த அறிவிப்பாளர்தான் பேசறேன்."

மேலாளர் குரலைத் தணித்துக் குழைந்தார். "ரெண்டே வார்த்தைம்மா. போன்லயே சொல்லிடேன்."

"சொல்றேன். தினமும் அங்க வந்து, என் நாற்காலியில உட்கார்ந்து சொல்றேன். குரல் மட்டும் தனியா வராது சார். ஆளோடதான் வரும்."