நிறுத்தியாச்சுக்கா

பதிவு நாற்பத்தொன்றாவது நிமிடத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதிவு செய்தது காற்றடிக்கிற ஆடி மாதம்தான். ஆனாலும் உப்பளத்தில் அன்று அதிசயமாகக் காற்றே இல்லை. ஒரு சொல் விடாமல் கேட்டது.

“யம்மா, அந்த மிசின நிறுத்தச் சொல்லு. இனிமே சொல்லுதது நம்ம ரெண்டு பேருக்குள்ள.”

உப்பு வாருகிற செந்தூர்க்கனியின் குரல். அடுத்து, கேட்டுக்கொண்டிருந்தவளின் சொந்தக் குரலே வந்தது.

“நிறுத்தியாச்சுக்கா. சொல்லுங்க.”



நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். ரெக்கார்டரை மடியில் வைத்திருந்த வெளிநாட்டு மாணவன் தலையை ஆட்டினான். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் போயிற்று. போனது வெளிச்சம் மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

அவன் இளங்கலை மூன்றாம் ஆண்டு. வளரும் நாடு ஒன்றுக்குப் போய் ஆய்வேட்டுக்கு விஷயம் திரட்டிவர அவனுடைய பல்கலைக்கழகம் நிதி கொடுத்திருந்தது. எட்டே வாரத்தில் தூத்துக்குடி உப்பளத்தைக் கரைத்துக் குடித்துவிடுவதாக ஏற்பாடு. நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தை ஒருநாள் அவளிடம் பெருமையாகக் காட்டினான். தேவைப்படுபவை: கொசுவலை, தடுப்பூசி, மொழிபெயர்ப்பாளர்.

மூன்றாவது அவள்.

அதே உப்பளத்தைப் பற்றி எம்.ஏ.வுக்கு அவளும் எழுதியிருந்தாள். இரண்டு வருடம், டவுன் பஸ்ஸில் போய்வந்து. அது கல்லூரி பீரோவில் தூங்குகிறது. அந்தப் பழக்கத்தில்தான் செந்தூர்க்கனி வாய் திறந்தாள். அவனுக்காக இல்லை.

இன்னும் பதினான்கு நிமிடம் ஓடியது.

கங்காணியின் பெயர் நான்கு முறை வருகிறது. மகளின் பெயர் ஒரே முறை. பிறகு அழுகை. தையில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. வெளியே தெரிந்தால் மகள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று செந்தூர்க்கனி சொல்கிறாள், இரண்டு தரம்.

ஊர் போய்ச் சேர்ந்த மாணவன் இந்தப் பதிவோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தான்.

‘நல்லவேளை, அன்று சரியாக அணைக்கவில்லை போலிருக்கிறது! மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், அவர் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. நீங்கள்தான் மொழிபெயர்த்துத் தர வேண்டும். என் ஆய்வேட்டின் உயிரே இந்தப் பகுதிதான் என்று தோன்றுகிறது. பெயரை மாற்றிவிடுவேன், கவலை வேண்டாம்.’

நல்லவேளையாம்.

ஒரு தாய் வாய்விட்டு அழுதது இவனுக்கு நல்லவேளை. என்ன சொன்னாள் என்பது ஓர் அட்சரம் தெரியாது. அழுதாள் என்பது மட்டும் போதும். அதுதான் உயிர்.

த்தூ என்று வந்தது. அவன் மேல் துப்புவதா, நிறுத்தியாச்சு என்று சொன்ன தன் வாயை நினைத்துத் துப்புவதா?

முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் வேறொருவரிடம் போவான். இந்தக் கொசுவலை இல்லையென்றால் இன்னொரு கொசுவலை.

மதியச் சோறு தட்டில் ஆறிக் கிடந்தது. அவள் அந்தப் பதினான்கு நிமிடத்தை முதலிலிருந்து ஓடவிட்டு ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினாள்.

கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். நெத்திலி என்றால் நல்லது. சின்ன வெங்காயம், பூண்டு. புளி கொஞ்சம் தூக்கலாக.

கங்காணியின் பெயர் வந்த நான்கு இடத்திலும் கத்தரிக்காய் என்று போட்டாள்.

அழுகை வந்த இடத்தில்: இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா இப்போது இல்லை.

முடிவில்: கருவாட்டிலேயே உப்பு இருக்கும். கொதித்த பிறகு ருசி பார்த்துவிட்டுக் கடைசியில்தான் உப்பு.

தன் குரல் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. மனிதன் உருகிப்போயிருந்தான்.

‘உப்பளத்துப் பெண் உப்பைக் கடைசிக்குத் தள்ளுகிறார். இது எதிர்ப்பின் குறியீடுதானே?’

குறியீடுதான் என்று எழுதினாள்.

கீழே ஒரு சின்னச் சந்தேகமும் கேட்டிருந்தான். தொடக்கத்தில் நீங்கள் ஏதோ சொல்கிறீர்களே, அது என்ன?

அவள் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பிறகு தட்டினாள்.

‘ரெக்கார்டரை நிறுத்தியாயிற்று, அக்கா. சொல்லுங்கள்.’

அந்தப் பதினான்கு நிமிடத்தில் அவள் ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

அதற்குப் பதில் வரவில்லை.

தை வந்தது. கல்யாணப் பந்தியில் செந்தூர்க்கனி அவள் தோளை அமுக்கி உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினாள். அவள் அதைத் தொடாமல் இலையை மடித்தாள்.

சித்திரையில் ஆய்வேடு வந்து சேர்ந்தது. துறையில் பரிசும் கிடைத்ததாம். குழம்பு ஒரு சொட்டுக் குறையாமல் அதில் இருந்தது. செத்துப்போன அம்மா, நான்கு கத்தரிக்காய், கடைசி உப்பு.

குழம்புக்கு மேலே, அவளுடைய அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான்.

[காற்று இரைச்சல். கேட்கவில்லை.]