மூன்றாம் முறை எடுத்த ரத்தம்
கால்நடை மருத்துவமனை மேசையில் பூனை சுருண்டு படுத்திருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் முதுகிலுள்ள ஆறு தையல்கள்மேல் விழுகிறது. போன வாரம் அதை வளர்க்கும் அவள் முடியைச் சீவிவிட்டபோது தோல் காகிதம்போலக் கிழிந்துவிட்டது. தன் கைதான் காரணமென்று நினைத்து அன்றிலிருந்து அவள் அதைத் தொடுவதேயில்லை. கணவன்தான் தூக்கி வந்திருக்கிறான். காலையிலிருந்து, சோதனைக்காக ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று முறை ரத்தம் எடுத்தாயிற்று. ரத்தம் சோதிக்கும் கருவி மெல்ல முனகித் தாளை நீட்டுகிறது. டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிக்கிறார். "ஹார்மோனை இறக்கற ஊசி போட்டும் அது இறங்கவே இல்லம்மா. சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பி அளவுக்கு மீறி சுரக்குது. அதான் தோல் இப்படி மெலிஞ்சுபோச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். "மருந்து இருக்கா டாக்டர்?" "இருக்கு. தினமும் விடாம குடுக்கணும். யார் குடுப்பீங்க?" கணவன் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்கிறாள் அவள்.