ஒரு ஜோடி கிரிப்

தரைத்தளத்து வீட்டுக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்ற சைக்கிளை நெருங்கினார் சூப்பிரண்டு. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்த எட்டு வீட்டுக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் சூப்பிரண்டுதான். கையில் ஒரு பிளேடு, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், கந்தல் துணி, காகிதப் பையில் ஹேண்டில்பாருக்கு ஒரு ஜோடி புது கிரிப்.

சைக்கிள் அவருடையது இல்லை. மாடி வீட்டு டிராயிங் மாஸ்டருடையது.

முந்தாநாள் மத்தியானம் சூப்பிரண்டு கடிகாரக் கடைக்கு ஒரு நடை போய் வந்திருந்தார். கடைக்காரர் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, பின்பக்க ஜன்னல் வழியாக. திரும்பும்போது அவர் இடுப்பில் ஒரு தங்கப் பாக்கெட் கடிகாரம் இருந்தது. சொந்தச் சைக்கிள் இருக்கும்போது மாஸ்டரின் சைக்கிளை ஏன் எடுத்தார் என்று கேட்கலாம். யாராவது பார்த்துத் தொலைத்தால் மாஸ்டர் தலையில் விடியட்டும் என்பது இரண்டாவது காரணம். தன் டயர் தேய்வானேன் என்பது முதல் காரணம்.

கடைக்குள் தொட்ட இடத்தையெல்லாம் துண்டால் துடைத்துவிட்டுத்தான் வந்தார். அந்தத் தைரியத்தில் நேற்று கடை வாசலுக்கே போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "அடப்பாவமே, யார் பெத்த பிள்ளையோ இப்படிப் பண்ணிட்டானே!" என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பின்னாடி சைக்கிள் நின்ன தடம் இருக்கு. அந்தச் சைக்கிள் மட்டும் சிக்கட்டும், ஹேண்டில்லயே கைரேகை கிடைச்சிடும்."

சூப்பிரண்டு கூட்டத்திலிருந்து நழுவினார். மாஸ்டர் சைக்கிளில் இருந்தது பத்து வருடப் பழைய கிரிப். ரப்பர் இளகிப்போய், தொட்டால் பாகு மாதிரி ஒட்டும். ஓடிவந்து பார்த்தால், அவருடைய கட்டைவிரல் ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்ததுபோல் அதில் அழகாகப் பதிந்திருந்தது. துடைத்தால் துணிதான் ஒட்டிக்கொண்டது. ஜெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அங்கே சாப்பாடு சும்மா கிடைக்கும். ஆனால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களே!

வேறு வழியில்லாமல் சைக்கிள் கடைக்குப் போய், முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். "ஒண்ணு மட்டும் பாதி விலைக்குத் தருவியாப்பா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். இடது கைக்கும் ரேகை உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது. ஜோடியாக வாங்கித் தொலைத்தார்.

இப்போது பழைய ரப்பரை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தார். கம்பியில் ஒட்டியிருந்த பிசுக்கைச் சுரண்டி, கந்தலால் துடைத்தார். புது கிரிப்புக்குள் சோப்புத் தண்ணீர் விட்டு, திருகித் திருகி அழுத்தினார். வலது பக்கம் சமர்த்தாக ஏறிவிட்டது. இடது பக்கம் பாதி வழியில் நின்றுகொண்டு அழிச்சாட்டியம் பண்ணியது. அதோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன சார், என் சைக்கிளை என்ன பண்றீங்க?" டிராயிங் மாஸ்டர்தான்.

சூப்பிரண்டு பிளேடைக் கந்தலுக்கடியில் தள்ளினார். "கிரிப் கையில ஒட்டுது ஒட்டுதுன்னு போன மாசம் புலம்பினீங்களே சார்? அதான் புதுசு மாட்டறேன்."

"நீங்களா? எனக்கா?"

"ஏன் சார், மாடி வீட்டுக்காரருக்கு ஒரு உதவி பண்ணக் கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல சார்..." மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு ஆச்சு?"

சூப்பிரண்டு மனசைக் கல்லாக்கிக்கொண்டார். "நமக்குள்ள என்ன சார் காசு!"

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மாஸ்டர் விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்து எதிர் வீட்டு நர்சம்மா. அதற்கடுத்து, கழுத்தில் தொங்கும் டேப்போடு மூன்றாம் மாடித் தையல்காரர். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று சூப்பிரண்டு ஒரு புன்னகையை வேறு வீசினார். நல்ல மனுஷனை யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

இடது கிரிப்பும் ஒருவழியாக ஏறியது. பழைய ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி, அதே காகிதப் பையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிச் சாக்கடையில் கொட்டினார். பையை மட்டும் மடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். நல்ல பை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நேரே மாடிப்படிக்குக் கீழே போய், புது கிரிப்பை அழுத்திப் பார்த்தார். வாசலில் நின்ற சூப்பிரண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை மாட்டினது நீங்கதானா சார்?"

"ஆ... ஆமா."

"உங்க கையாலயே?"

"ஆமா."

"எதுக்கு?"

சூப்பிரண்டுக்குப் புரிந்துவிட்டது. பாவி மனுஷன் சாக்கடையில் இறங்கித் தேடியிருக்கிறான்! இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. உள்ளே போனவர், மாவு டப்பாவுக்குள் இருந்த தங்கக் கடிகாரத்தை எடுத்துவந்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தனை துண்டையும் ஒட்டவெச்சு ரேகையை எடுத்துட்டீங்களே சார்! பெரிய ஆளு நீங்க" என்றார் சூப்பிரண்டு.

"ரேகையா? எந்த ரேகை?" இன்ஸ்பெக்டர் கடிகாரத்தின் மேலிருந்த மாவை ஊதினார். "அந்தத் தடம் பால்காரர் சைக்கிளோடதுன்னு நேத்து சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. கேஸையே மூடிடலாம்னு இருந்தேன்."

"அப்புறம் எப்படி சார் என்னை...?"

"மத்தியானத்துலேருந்து இந்தக் குடியிருப்புலேருந்து மட்டும் ஏழு வீட்டு போன் சார். 'எங்க சூப்பிரண்டு இன்னொருத்தருக்கு ஓசியில கிரிப் வாங்கி மாட்டியிருக்கார், ஏதோ பெரிய குத்தம் நடந்திருக்கு, உடனே வாங்க'ன்னு!"