இன்னிக்கும் ஒழுகுது

“இன்னிக்கும் ஒழுகுதா?”

வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார் கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேஜை மேல் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. எதிரே மைத்துனன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

“ஆமா மாமா, இந்த முக்குலதான்.” நனைந்த டிஷ்யூ துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினான். “தண்ணிய வடிச்சுட்டு மறுபடி மாட்டணும்.”

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் வேலை. பழைய கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றுபோகிறது என்று, புதிதாக ஒன்று கட்டித் தரச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. உள்ளே குழாய் போட்டு, தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கிற கம்ப்யூட்டர்.

அதில் ஒரு சோதனை உண்டு. ராத்திரி பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் ஒரு டிஷ்யூ வைத்துவிட்டுப் போவான். காலையில் எல்லாம் காய்ந்திருந்தால்தான் மற்றதற்குக் கரன்ட் கொடுக்கலாம். ஒரு சொட்டு ஒழுகினாலும் உள்ளே இருக்கிற அத்தனையும் பாழ்.

தினமும் ஒழுகியது. மேஜை போனதால், புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

“உன் தம்பிக்குக் குழாய் மாட்டத் தெரியலைன்னா ஒத்துக்கச் சொல்லேன்” என்று சமையலறைக்குள் போய்ப் பொரிந்தார் வாத்தியார். “கடையில குடுத்தா ஒரே மூச்சுல முடிச்சுத் தருவான்.”

“மெதுவாப் பேசுங்க. அவன் காதுல விழப்போகுது.”

“நல்லா விழட்டும்!”

மறுநாள் வாத்தியாருக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. ஹாலுக்கு வந்தவர் திகைத்து நின்றார். மனைவி ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து, டிஷ்யூ மேல் பதமாக ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி!”

ஸ்பூன் நழுவிக் கீழே விழுந்தது. “ஐயோ, கத்தாதீங்க.”

“கத்தாம? உன் தம்பி தினமும் மல்லுக்கட்டறான். நான் வேற வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருக்கேன். கடைசியில எல்லாம் உன் வேலையா?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேலை போனப்புறம் அவன் எப்படிக் கிடந்தான்னு பாத்தீங்கல்ல? பக்கத்துத் தெருதான், இருந்தும் எட்டிப் பாக்க மாட்டான். கதவத் தட்டினாத் திறக்க மாட்டான். வாசல்ல வச்ச சாப்பாடு வச்சபடியே இருக்கும். இந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான் எழுந்து, குளிச்சு, சட்டை மாத்திக்கிட்டு வர்றான். இது முடிஞ்சிடுச்சுன்னா திரும்ப உள்ள போய்ப் பூட்டிக்குவானோன்னு பயமா இருக்குங்க.”

வாத்தியார் குனிந்து ஸ்பூனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இத்தனை நாளாக அந்த மனுஷனைக் கரித்துக்கொட்டியதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு மைத்துனன் டிஷ்யூவைத் தூக்கிக் காட்டியபோது, “குழாய்னா ஒழுகத்தான் செய்யும் மாப்ளே! அவசரமே இல்ல, நிதானமாப் பாரு” என்றார். அவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அதற்கு அடுத்த நாள் மனைவிக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கினாள். வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. மேஜைக்கு ஓடினார். டிஷ்யூ எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஸ்பூனைத் தேட நேரமில்லை. குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீரையே எடுத்துச் சாய்த்தார். பதற்றத்தில் டிஷ்யூவைத் தாண்டி கம்ப்யூட்டருக்குள்ளும் தாராளமாகவே விழுந்துவிட்டது.

மைத்துனன் வந்தான். குனிந்து பார்த்தான். அவன் தூக்கிய டிஷ்யூ சொத்தென்று மேஜையில் விழுந்தது.

“அடடா, இன்னிக்கும் ஒழுகிடுச்சா?” என்றார் வாத்தியார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

“மாமா.”

“ம்?”

“குழாய்ல நான் ஊத்தியிருக்கறது நீலக் கலர் தண்ணி.”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. குழாயில் பளிச்சென்று நீலம் ஓடிக்கொண்டிருந்தது. டிஷ்யூ நனைந்தும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தினமும் பார்த்த கணக்கு வாத்தியாருக்கே இது உறைக்கவில்லை.

“உனக்கு... எப்ப தெரியும்?”

“முதல் நாளே.”

“தெரிஞ்சுமா தினமும் கழட்டிக் கழட்டி மாட்டின?”

அவன் ஸ்க்ரூடிரைவரை விரலால் உருட்டினான். “ஒழுகலைன்னு சொல்லிட்டா, மறுநாள் நான் எதுக்கு மாமா எழுந்திரிக்கணும்?”

வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்து அவன் தோளில் கையை வைத்தார்.

“சும்மாவே வாடா. அக்கா வீட்டுக்கு வர ஒரு காரணம் வேணுமா?”

“அப்படித்தான் எனக்கும் இன்னிக்குத் தோணுச்சு. காலையில அலாரம் இல்லாமலே முழிப்பு வந்துடுச்சு. ஜன்னலத் திறந்துவிட்டுட்டுதான் வந்திருக்கேன். அக்காகிட்ட உண்மையச் சொல்லி, கரன்ட் குடுத்து, ஓட்டிக் காட்டிடலாம்னு நினைச்சேன்.”

வாத்தியார் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெருமூச்சு விட்டார். “அப்புறம் என்ன, போடு சுவிட்சை!”

“எங்க போடறது? அக்கா பாத்துப் பாத்து ஒரே ஒரு சொட்டுதான் விடுவா. நீங்க டம்ளரையே கவுத்துட்டீங்களே மாமா... இது காயற வரைக்கும் நான் நிஜமாவே தினமும் வரணும்!”